சுத்திப் போலாமுங்களா?

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் லாரி ஓட்டியிருக்க மாட்டார்கள். ஓட்டியிருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்: லாரிக்கு ஒரு வழிகாட்டிக் கருவி தேர்ந்தெடுத்துப் பார்.

சங்ககிரி லாரி உரிமையாளர் சங்கம் இந்த வேலையை அர்த்தனாரியின் தலையில் கட்டியது. அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சொந்தமாக வண்டிகள் வைத்துக்கொண்டு அதில் ஒன்றைத் தானே ஓட்டுகிற முதலாளிகள் சங்கத்தில் இரண்டே பேர். ஒருவர் அர்த்தனாரி, இன்னொருவர் பாவாயி. பாவாயியிடம் பொறுப்பைக் கொடுத்தால் கருவி விற்க வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. ஆகவே அர்த்தனாரி.

பேட்டரி லாரிகள் வந்து, டீசல் வாசனையை ஜனங்கள் மறந்துபோயிருந்த காலம். பார்க்க வேண்டியிருந்த கருவிகள் இரண்டு. ஒன்று 'மைல்கல்'. வரைபடத்தைக் காட்டும், பாலத்தின் உயரத்தைச் சொல்லும், மற்றபடி வாயைத் திறக்காது. இன்னொன்று 'துருவன்'. அது பேசும், கேட்கும், கற்றுக்கொள்ளும். லாரியின் முன்னும் பின்னும் பொருத்திய கேமராக்களால் சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பார்த்ததைத் துருவன் வைத்திருக்கும் மற்ற லாரிகளுக்கெல்லாம் செயற்கைக்கோள் வழியாக உடனே சொல்லிவிடும்.

முதலில் மைல்கல்லைப் பூட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார் அர்த்தனாரி. ஊமை மாட்டோடு உழுத மாதிரி இருந்தது. பிறகு துருவன். பெயர் ஆண் பெயர், குரல் பெண் குரல். அதுவும் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. அங்க மரம் தாழ்வா இருக்குது, பாத்துப் போங்க."

அர்த்தனாரி அன்றைக்கே அந்தப் பேச்சில் விழுந்துவிட்டார். வீட்டில் மனைவி வளர்மதிகூட இவ்வளவு பதமாகத் தன்னிடம் பேசியதில்லை என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார். வளர்மதி காதுக்கு அது போய்ச் சேர்ந்து, இரண்டு நாள் ரசத்தில் உப்பு இல்லை.

முதல் சில நாட்கள் மட்டும் அது கொஞ்சம் நச்சரித்தது. "முன்னால ஒரு வண்டி நிக்குதுங்க. சுத்திப் போலாமுங்களா?" என்று கேட்கும். "போ தாயி" என்பார் இவர். பிறகு கேட்பதை விட்டுவிட்டது. அதுவாகவே வழியை மாற்றிச் சொல்லும், இவர் ஸ்டீரிங்கைத் திருப்புவார். முட்டை லோடு ஒருநாளும் தாமதமாகவில்லை. மைசூர் மண்டிக்காரர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"மாசம் பூரா ஓட்டுனனுங்க. ரோட்டுல ஒரு வண்டி கெட்டு நின்னு பாக்கல" என்று சங்கத்தில் சொன்னார். "காலம் மாறிப் போச்சு. இப்ப வர்ற வண்டியெல்லாம் கெடறதே இல்ல."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சங்கத்தில் எல்லோரும் துருவன் வாங்கினார்கள். பாவாயி வாங்கினாள். அர்த்தனாரியின் இன்னொரு வண்டியை ஓட்டும் பூபதியும் பூட்டிக்கொண்டான். பூபதி வளர்மதியின் தம்பி. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைசூருக்குப் போக லாரிகளுக்குக் குதிரைப்பாழி மலைப்பாதைதான் குறுக்கு வழி. மலையைக் குடைந்து சுரங்கம் போட்ட பிறகு பஸ், கார் எல்லாம் அதற்குள் போய்விட்டன. பாரவண்டிகளுக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லை என்பதால் மலைப்பாதை லாரிகளுக்கே உரியதாகிவிட்டது. மலையில் போனுக்கு உயிர் கிடையாது.

சித்திரை வெயிலில் ஒரு முன்மதியம். அர்த்தனாரி அடிவாரத்துப் பிரிவுக்கு வந்தபோது துருவன் சொன்னது: "மலைவழி அடைஞ்சிருக்குதுங்க. ஆத்தோரமாப் போயிரலாம். சாயங்காலத்துக்குள்ள சேந்துரலாமுங்க."

அவர் ஆற்றோரமாகப் போனார். நிழலான பாதை. நடுவில் ஒரு கடையில் நிறுத்தி இளநீர் குடித்தார். நல்ல இளநீர், வழுக்கையும் இருந்தது.

அதே நேரத்தில் மலைமேல் பூபதி கிடந்தான்.

அவன் வண்டியில் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் விட்டுப்போயிருந்தது. நிறுத்திவிட்டு, லாரிக்காரர்கள் காலம் காலமாகச் செய்வதைத்தான் அவனும் செய்தான். பச்சைத் தழையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போட்டான். பின்னால் வருகிறவனுக்கு அது எச்சரிக்கை. கூடவே, ஒருத்தன் இங்கே கஷ்டத்தில் இருக்கிறான் என்ற சேதியும்தான். தழையைப் பார்த்தால் எந்த டிரைவரும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டான்.

கேட்கவும் கேட்டான் ஒருவன். அப்போது பூபதிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. சின்ன வேலைதான், நீங்க போங்க என்று அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் நழுவி, வண்டி அரைச்சுற்று உருண்டு அவன் வலது பாதத்தின் மேல் ஏறி இறங்கியது.

கேபினுக்கு ஏற முடியவில்லை. யாராவது வருவார்கள் என்று காத்திருந்தான். வரவில்லை. போட்ட தழை பத்தவில்லையோ என்று நினைத்தான். தவழ்ந்து போய்க் கைக்கு எட்டிய செடிகளையெல்லாம் ஒடித்து, சாலையை அடைத்துப் போட்டான். அப்போதும் யாரும் வரவில்லை. மேலும் போட்டான். வெயில் சாய்கிற நேரத்தில் யானைத் தடம் பார்க்க வந்த வனத்துறை ஜீப்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போனது.

பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஈரோட்டு டாக்டர் சொன்னார். டாக்டர்கள் இதைச் சொல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"எப்ப மாப்ள? எந்த நேரத்துல?" என்று கட்டிலருகே கேட்டார் அர்த்தனாரி.

"பத்து, பத்தரை இருக்குமுங் மாமா."

அர்த்தனாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். அடிவாரத்தில் தான் திரும்பிய நேரம் அது. வாயில் இளநீரின் தித்திப்பு திரும்ப வந்த மாதிரி இருந்தது. வெளியே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார்.

மறுநாள் கோயமுத்தூரில் துருவன் அலுவலகத்துக்குள் அவர் நுழைந்த வேகத்தைப் பார்த்து வாசலில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். சங்கத்துக்குக் கருவியை விற்றவள் நிலோஃபர் என்ற பெண். கருவியின் மூளையை உருவாக்கியவர்களில் அவளும் ஒருத்தி. அவள் ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள்.

"உன்ற கருவி என்ற மச்சினன் காலை எடுத்துருச்சு அம்மணி" என்றார்.

"தெரியுமுங்ணா. நேத்திருந்து அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

திரையில் மலைப்பாதை தெரிந்தது. பூபதி வண்டியின் பின்பக்கக் கேமரா பார்த்தது எல்லாம் அதில் இருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்.

"முதல்ல கொஞ்சம் தழை போட்டிருக்காரு. 'ஒரு பக்கம் அடைப்பு'ன்னு துருவன் எல்லா வண்டிக்கும் சொல்லுச்சு. பாதி வண்டி சுத்திப் போயிருச்சு. அப்புறம் ரோட்டை அடைச்சுப் போட்டாரு. 'முழு அடைப்பு'. மிச்ச வண்டியும் போயிருச்சு. மேல இருந்து இறங்க வேண்டியதையும் மேலயே திருப்பி உட்ருச்சு."

"அவன் ஆளு வரட்டும்னு போட்டான்."

"ஆமாங்ணா." அவள் படத்தை நிறுத்தினாள். "அவரு கூப்பிடக் கூப்பிட, ரோடு காலியாயிட்டே இருந்துருக்கு."

சங்கத்தில் தான் சொன்னது அர்த்தனாரிக்கு ஞாபகம் வந்தது. மாதம் பூரா ஒரு வண்டி கெட்டு நின்று பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னாரே. வண்டிகள் கெட்டுக்கொண்டுதான் இருந்தன. இவர் கண்ணில் படாமல் நின்றிருந்தன, அவ்வளவுதான்.

"நின்ன வண்டின்னா உள்ள ஒரு மனுசன் இருப்பான்னு அதுக்குத் தெரியாதா? அதைக்கூடவா நீங்க சொல்லிக் குடுக்கல?"

நிலோஃபர் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தவள் போலிருந்தாள்.

"நாங்க எதையும் சொல்லிக் குடுக்கலீங்ணா. கேட்டுக் கத்துக்கோன்னு மட்டும்தான் சொன்னோம். அது கேட்டுச்சு. முன்னால வண்டி நிக்குது, சுத்திப் போலாமுங்களான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுச்சு. உங்ககிட்டயும் கேட்டுச்சு."

'போ தாயி' என்று தான் சொன்னது அர்த்தனாரியின் காதில் திரும்பக் கேட்டது.

"யாருமே போய்ப் பாக்கலாம்னு சொல்லலீங்ணா. எல்லாருக்கும் அவசரம். சரி, இவங்களுக்கு இதுதான் புடிச்சிருக்குன்னு அது கத்துக்கிச்சு. கேக்கறதையும் நிறுத்திருச்சு."

சண்டை போட வந்தவருக்குக் கையில் ஆயுதம் இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். தழையைக் கண்ணால் பார்த்தால் நிற்காமல் போகிற ஆள் இல்லை அவர். பார்க்கவே வேண்டாம் என்று ஏற்பாடு செய்துகொண்ட ஆள். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"நின்ன வண்டிக்குப் பக்கத்து வண்டி போயே ஆகணும்னு ஒரு சட்டம் எழுதிப் போட முடியாதா?"

"மேல கேட்டனுங்ணா. போட்டா எல்லாரும் வேற கருவிக்கு மாறிருவாங்கன்னு சொல்லிட்டாங்க. மாறுவீங்கதானே?"

மாறுவோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"ஆனா கத்துக்கற வழி திறந்துதான் இருக்கு" என்றாள். "அது சுத்திப் போகச் சொன்னாலும் நீங்க நேராப் போகணும். நின்ன வண்டிகிட்ட நிறுத்தணும். ஒருத்தர் செஞ்சா அதுக்கு உறைக்காது. நிறையப் பேரு, நிறைய நாள் செய்யணும். நேரம் போகும். கஷ்டமா இருக்கும்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி பூபதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவன் கோபப்படுவான், தன் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார். பிடித்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்கிட்டயும் கேட்டுச்சுங் மாமா" என்றான் பூபதி, போர்வையைப் பார்த்துக்கொண்டு. "நானும் சுத்திப் போனவன்தான். எத்தனை பேரு நின்னுட்டுக் கெடந்தாங்களோ."

சங்கக் கூட்டத்தில் பேச்சு சூடாக நடந்தது. மைல்கல்லுக்கே போய்விடலாம் என்றார்கள் சிலர். அது நல்லதும் கற்காது, கெட்டதும் கற்காது என்றார் அர்த்தனாரி. துருவனையே வைத்துக்கொண்டு பழக்கத்தை மாற்றுவோம், நின்ற வண்டி எதுவானாலும் பக்கத்தில் இருப்பவர் போய்ப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டார்.

பாவாயி எழுந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். ஒன்பது வண்டிக்குச் சொந்தக்காரி. பேசுவதற்கு முன்பு முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வாள். செருகிக்கொண்டாள்.

"தம்பி அர்த்தனாரி, பூபதிக்கு ஆனது எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா வழியில நிக்கறவனுக்கெல்லாம் நின்னுட்டு இருந்தா முட்டை குஞ்சு பொரிச்சுரும். நம்ம நிக்கறப்ப வெளியூர்க்காரன் பறந்து போயி லோடை வாங்கிக்குவான். பொதுச்சேவை பண்ற வயசு எனக்குத் தாண்டிப் போச்சு. நான் சுத்தித்தான் போவேன்."

"உங்க இஷ்டமுங்க்கா."

"என்ற இஷ்டம்தான். உன்ற பர்மிசனா கேட்டேன்?"

பாதிப் பேர் அர்த்தனாரி பக்கம் கை தூக்கினார்கள். அதிலும் பாதிப் பேர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மனம் மாறியிருப்பார்கள். இருந்தாலும் ஆரம்பித்தார்கள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அர்த்தனாரிக்கும் துருவனுக்கும் ஒரே மல்லுக்கட்டு.

"சுத்திப் போங்க. நேராப் போனா தாமதமாகுமுங்க."

"ஆகட்டும் தாயி."

நேராகப் போய் நின்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒருமுறை, நின்ற வண்டியின் டிரைவர் நிழலில் அடுப்பு மூட்டி ஆட்டுக்கறி வதக்கிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை, ஒருவர் புதருக்குப் பின்னாலிருந்து, "ஏனய்யா, மனுசன் நிம்மதியா ஒதுங்கக்கூட முடியாதா?" என்று கத்தினார். மைசூர் மண்டிக்காரர் பாராட்டுவதை நிறுத்தித் திட்ட ஆரம்பித்தார். அப்புறம் திட்டுவதையும் நிறுத்தி, வேறு ஆளுக்கு லோடு கொடுத்தார். சேர்ந்தவர்களில் பலர் கழன்றுகொண்டார்கள்.

ஆனால் ஓமலூர்ப் பக்கம் ஒரு கர்நாடக டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீரிங் மேல் சாய்ந்திருந்தபோது, இவர்களில் ஒருவர்தான் கதவைத் திறந்தார். அந்த டிரைவர் பிழைத்தார். சேதி பரவியது. கழன்றவர்களில் சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பினார்கள். சிமெண்ட் வண்டிக்காரர்கள் சேர்ந்தார்கள், மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிறவர்கள் சேர்ந்தார்கள். முகம் தெரியாத ஊர்களிலிருந்தும் யார் யாரோ சேர்ந்திருக்கிறார்கள் என்று நிலோஃபர் போனில் சொன்னாள். அது கற்கிறதா என்று கேட்டால் மட்டும், "இன்னும் சொல்ல முடியலீங்ணா" என்பாள்.

பூபதி செயற்கைப் பாதம் பொருத்திக்கொண்டு நடந்தான். மறுபடியும் லாரி ஓட்டுவேன் என்றான். வளர்மதி அழுதாள். அவன் கேட்கவில்லை.

தை பிறந்து சில நாட்கள் இருக்கும். காலை வெயிலில் வேறொரு மண்டிக்கு முட்டை லோடோடு குதிரைப்பாழி ஏறிக்கொண்டிருந்தார் அர்த்தனாரி. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டியின் மோட்டார் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. கை பிரேக்கை இழுத்தார். பிடிக்கவில்லை. வண்டி பின்னால் நழுவியது. காலால் மிதித்தார். நின்றது.

கால் பிரேக் ஒன்றுதான் தாங்கியது. காலை எடுத்தால் வண்டி பின்னால் போகும். பின்னால் பள்ளம். பள்ளத்துக்குக் கீழே அதே சாலையின் அடுத்த வளைவு. குதித்துத் தப்பலாம்தான். குதித்தால், கீழே அந்த நேரத்தில் யார் வருகிறார்களோ அவர்கள் தலைமேல் வண்டி விழும்.

யாராவது ஒருவர் வந்து சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தால் போதும். அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"தாயி, யாரையாச்சும் வரச் சொல்லு."

"எனக்கு வழி மட்டும்தான் தெரியுமுங்க" என்றது துருவன். "இந்த வளைவுல வண்டி நிக்குதுன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சுங்க."

சொல்லியாச்சு. பூபதி இந்த மலையில்தான் செடி செடியாக ஒடித்துப் போட்டான். சாலையில் ஒரு சத்தம் இல்லை. குருவி கத்தியது. தொடை நடுங்கத் தொடங்கியது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தன் உயிருக்குப் பயப்படுகிறவர் யாரையெல்லாம் நினைப்பாரோ அவர்களையெல்லாம் நினைத்தார். பிறகு நினைக்கவும் முடியவில்லை, கால் மட்டும்தான் இருந்தது.

கீழே ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. காது கேட்கிறதா, ஆசை கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. அடுத்த வளைவிலிருந்து கேட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் வண்டியின் மூஞ்சி தெரிந்ததும் அவர் தொண்டை கிழியக் கத்தினார். "பின்னால வராதீங்க! கல்லு! சக்கரத்துக்குக் கல்லு வைங்க!"

பின்னால் வந்த வண்டி சட்டென்று ஓரம் ஒதுங்கி நின்றது. கதவு திறக்கும் சத்தம், ஓடி வரும் செருப்புச் சத்தம். கல் ஒன்று உருளும் சத்தம், அதற்கு மேல் இன்னொன்று.

"எடு காலை" என்றது ஒரு குரல்.

அவரால் எடுக்க முடியவில்லை. கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கேபின் கதவைத் திறந்து, ஏறி வந்து, அவர் முழங்காலைப் பிடித்துப் பெடலிலிருந்து தூக்கி வைத்தவள் பாவாயி. வண்டி அசையவில்லை. அர்த்தனாரி ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல் அழுதார்.

"அட, அழுகாத. வண்டி நின்னுருச்சு பாரு." தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிறகு அவளுக்கே உரிய கோபம் வந்துவிட்டது. "எல்லாம் உன்னாலதான். நல்லா இருந்த கருவியக் கெடுத்து வெச்சிருக்கீங்க. அடிவாரத்துல ஆத்தோரமாப் போலாம்னு பாக்கறேன், 'முன்னால ஒரு வண்டி நிக்குதுங்க, போய்ப் பாத்துட்டுப் போலாமுங்க'ங்குது. நான் எப்படா அப்புடிக் கத்துக் குடுத்தேன்? ஒருநாளும் குடுக்கல. வேண்டாம், சுத்திப் போன்னு மூணு தடவ கத்தினேன். மூணு தடவையும் அதையேதான் சொல்லுது. இப்பப் பாரு, என்ற லோடு கெட்டுச்சு."

அர்த்தனாரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது கற்றுக்கொண்டுவிட்டது. நிலோஃபரிடம் சொல்ல வேண்டும். பூபதியிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. பாட்டிலை இறக்கினார்.

"அக்கா, அது வாயில சொன்னது சரி. ஸ்டீரிங்கு யாரு கையில இருந்துச்சுங்க?"

பாவாயி அவரைப் பார்க்கவில்லை. கேபினிலிருந்து இறங்கி, முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"பேசாம எறங்கி வந்து அந்தப் பக்கச் சக்கரத்துக்கும் ஒரு கல்லு வை" என்றாள்.